ஞானத்தகப்பன் கொடுத்த பெயர்

பெண் கேட்டு வந்த குடும்பத்திடம் போய் எச்சில் கேட்ட ஒரே தகப்பன், பாளையங்கோட்டையில் நானாகத்தான் இருப்பேன். கேட்க வைத்தவர் என் அண்ணன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் எங்கள் குடும்பப் பெயர். இந்த ஊரில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு எல்லாருக்கும் காரியம் முடிந்துவிடுகிறது. நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு போர்ச்சுகீசியப் பெயர் வால் மாதிரி தொங்கும். ஆதாரில் அது முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் பின்னால் இருக்கும், ரேஷன் கார்டில் இருக்கவே இருக்காது. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறவன் நான். ஊரார் பிள்ளைகளின் சான்றிதழையெல்லாம் திருத்திக் கொடுத்திருக்கிறேன். என் பெயரை மட்டும் இன்றுவரை ஒரே மாதிரி ஆக்க முடியவில்லை.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. போர்ச்சுகீசியர் வந்த காலத்தில் கரையோரம் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்போது சாட்சிக்கு ஞானத்தகப்பனாக நின்ற போர்ச்சுகீசியன் தன் பெயரைக் கொடுத்தான். ஒருவனே ஒரு தெருவுக்கு முழுக்க நின்றிருப்பான் போல. எங்கள் பூர்வீக ஊர்க் கோயில் வாசலில் நின்று இந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னால் பாதிக் கூட்டம் திரும்பிப் பார்க்கும். அதில் ஒருத்தருக்கொருத்தர் பெண் கொடுத்து எடுத்தவர்களும் உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

என் அண்ணன் எடுத்துக்கொண்டார். அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக முப்பது வருஷத்துக்கு மேல் வெயிலில் நின்றவர். ஒருநாள் ஏதோ ஒரு கப்பலின் வெள்ளைக்கார அதிகாரி, அண்ணன் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்து அந்தப் பெயரை அட்சர சுத்தமாக வாசித்தாராம். தன் தாயாரின் குடும்பப் பெயரும் அதுதான் என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்தாராம். அத்தனை வருஷத்தில் ஒரு கப்பலில் அவருக்கு நாற்காலி கிடைத்தது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், நம் முன்னோர் ஒரு கப்பித்தான் என்று ஆரம்பித்தார். கப்பித்தான் என்றால் கப்பல் தலைவன். வருஷம் ஆக ஆக அந்தக் கப்பித்தானுக்குத் தாடி முளைத்தது, வாள் வந்தது, கடைசியில் பூனைக்கண்ணும் வந்துவிட்டது. நாங்கள் அதைக் கேட்டுக்கேட்டுச் சலித்துப்போயிருந்தோம்.

இப்படி இருக்கும்போது என் மகள், தன்னோடு வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றாள். நல்ல பையன். தகப்பனார் ஆழ்வார்குறிச்சியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். அவர்களும் கடற்கரைக்காரர்கள். எங்கள் ஊருக்கு எட்டு ஊர் தள்ளி. குடும்பப் பெயர் மட்டும் அதே பெயர்.

அண்ணன் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார்.

"ஒரே கப்பித்தான் வம்சம்லே. பங்காளி முறை வருது. அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா கல்யாணம் செய்து வைக்கப்போற?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. நெல்லையில் அக்கம்பக்கத்தார் கிளை பார்த்து, கோத்திரம் பார்த்துப் பெண் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து, இரவல் வாங்கிய பெயரையும் கோத்திரமாக்கி வைத்திருக்கிறார் இந்த மனுஷன். பெயர் ஞானத்தகப்பன் கொடுத்தது, ரத்தம் கொடுத்தது அல்ல என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதோடு நின்றாரா? எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் அறிவிக்கவும் என்று பூசையில் சாமியார் படிப்பார். தடை சொல்லி ஒருவர் எழுந்து போனதை என் ஆயுளில் பார்த்ததில்லை. முதல் ஓலை வாசித்த அன்றைக்கே என் அண்ணன், பெண்ணுக்குப் பெரியப்பா, வெள்ளை வேட்டியோடு நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போய்த் தடை சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டார்.

சாமியார் என்னைக் கூப்பிட்டு, "சட்டப்படி ஒண்ணும் இருக்காது. ஆனா சொல்லிட்டாருல்லா, விசாரிக்காம ரெண்டாவது ஓலை வாசிக்க முடியாது" என்றார். நான் விடுப்புப் போட்டு இரண்டு கரையோர ஊர்களுக்கும் அலைந்து, ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஐந்து தலைமுறை எழுதி வாங்கி வந்தேன். எங்கேயும் இரண்டு குடும்பமும் சேரவில்லை. சாமியாருக்குத் திருப்தி. அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதுக்கு முந்தி?" என்று கேட்டார்.

சாமியார் ஓலை வாசிக்கத் தயார்தான். ஆனால் என் மகள் வேண்டாம் என்றுவிட்டாள். எங்கள் அப்பா சீக்கிரமே இறந்துபோனார். அண்ணன் படிப்பை விட்டுத் துறைமுகத்துக்குப் போனதால்தான் நான் படித்தேன். இது அவளுக்கும் தெரியும். "பெரியப்பா மனசார வந்து நிக்கணும். அவிய முகத்தத் திருப்பிக்கிட்டா நான் அந்தக் கல்யாணத்துல எப்படி நிப்பேன்?" என்றாள். இரண்டு பக்கமும் இடி எனக்கு.

கனடாவில் இருக்கும் அண்ணன் மகன்தான் இந்த எச்சில் யோசனையைச் சொன்னான். குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால், முன்னோர் எந்த மண்ணைச் சேர்ந்தவர்கள், யாரோடு யாருக்கு நெருங்கின உறவு என்று ஒரு கம்பெனி சொல்லிவிடுமாம். அவனே பணம் கட்டி இரண்டு பெட்டி அனுப்ப வைத்தான். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். கப்பித்தான் அதில் வந்துவிடுவான் என்று நம்பினார். துப்புவதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. இரண்டு முறை அந்த அரை மணி நேரத்துக்குள் காப்பியைக் குடித்துக் காரியத்தைக் கெடுத்தார். மூன்றாவது முறை மதினி அடுக்களைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு காவல் இருந்துதான் குழாய் நிறைந்தது.

இன்னொரு பெட்டியை எடுத்துக்கொண்டு நான் செங்கோட்டை ரயிலில் ஏறினேன். கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது, வெறுங்கையோடு போகிறோமே, இறங்கி இரண்டு கட்டு அப்பளமாவது வாங்கியிருக்கலாமே என்று நினைத்தேன். அப்பளத்தையும் கொடுத்து எச்சிலையும் கேட்பது இன்னும் கேவலமாக இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆழ்வார்குறிச்சியில் அவர்கள் நல்லபடியாகவே வரவேற்றார்கள். முறுக்கும் வாழைப்பழமும் தட்டில் வந்தன. பையன் ஒரு முறுக்கைக் கையில் எடுத்துவிட்டான்.

"தம்பி, அதக் கீழ வச்சிருங்க" என்றேன்.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். பையனின் அம்மா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"நாங்க பொண்ணு கேட்டு வந்தோம். நீங்க எச்சி கேட்டு வந்திருக்கிய" என்றார்கள்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் நாங்கள் நான்கு பேரும் அந்த முறுக்குத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பையன்தான் சிரித்தான். "பெரிய மாமாவுக்கு நிம்மதின்னா துப்பிட்டுப் போறேன்" என்று குழாயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான்.

அதன்பிறகு காத்திருப்பு. ஒரு மாதம் போயிற்று, இன்னொன்றும் பாதி போயிற்று. மண்டபத்துக்காரர் தேதியை உறுதி செய்யச் சொல்லி நச்சரித்தார். ஆழ்வார்குறிச்சியிலிருந்து போன் வருவது குறைந்தது. மகள் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். வங்கிக்குப் போவாள், வருவாள், அறைக்குள் போய்விடுவாள். அண்ணனைக் கேட்டால், "வரும்லே, பைய வரும்" என்பார்.

ஒருநாள் கனடாவிலிருந்து அண்ணன் மகன் செய்தி அனுப்பினான். "சித்தப்பா, ரிப்போர்ட் வந்து பத்து நாள் ஆச்சே, அப்பா சொல்லலையா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இரண்டு தெரு தள்ளித்தான் அண்ணன் வீடு. செருப்புப் போட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. வீட்டில் ஒரு பெண் யாரோடும் பேசாமல் கிடக்கிறாள், பத்து நாளாக இந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லையே என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மறைக்கவில்லை. நீட்டினார். திரையில் உலக வரைபடம் இருந்தது. வண்ணம் பூசியிருந்ததெல்லாம் இந்தியாவின் தென்கோடியில்தான். கடலைத் தாண்டி ஒரு பொட்டுக்கூட இல்லை. கீழே, பையனோடு நெருங்கின உறவு எதுவும் இல்லை என்று போட்டிருந்தது.

"அப்போ பங்காளி இல்லைன்னு ஆயிட்டுல்லா. இத ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"பங்காளி இல்லைன்னு சொன்னா, கப்பித்தானும் இல்லைன்னு சொல்லணும்லே" என்றார்.

சேர்த்துவைத்த வார்த்தைகளில் பாதியை அப்படியும் திட்டித் தீர்த்தேன். அவர் செல்போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். கடைசியில், "அந்தக் கப்பல்ல நான் காப்பியக் குடிச்சிட்டு, உங்க ஊருதான் எங்களுக்கும்னு சொல்லிட்டு வந்தேன். பொய் சொல்லிருக்கேன்" என்றார். அடுத்த நிமிஷமே, "போ, ஓலை வாசிக்கச் சொல்லு. தடையை நான் வந்து எடுத்திருதேன்" என்றார். இதற்காகத்தானே மாதக்கணக்காக அலைந்தேன்? ஆனாலும் நிம்மதியாக வீடு திரும்ப முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. பூசை முடிந்ததும் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடப் பெரியப்பாதான் வரவேண்டும் என்று மகள் கூப்பிட்டாள். அண்ணன் எங்கே கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பெயரை முழுசாக, கட்டத்துக்கு வெளியே போகிற மாதிரி எழுதுவார். வங்கிச் சலானில்கூட அப்படித்தான். அதற்காகவே எத்தனையோ தடவை நான் அவரைச் சத்தம் போட்டிருக்கிறேன். அன்றைக்கு எங்கள் அப்பாவின் முதலெழுத்தைப் போட்டு, தன் பெயரைச் சின்னதாக எழுதி, பேனாவை மூடினார். அவர் அந்தப் பெயரை விட்டுத் தொலைக்கமாட்டாரா என்று ஆயுள் முழுக்கக் கோபப்பட்டவன் நான். அந்த மிச்ச இடத்தைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

"மிச்சத்தையும் எழுதுண்ணே" என்றேன்.

"அது நம்மது இல்லையேலே."

மகள் அவர் கையைப் பிடித்துப் பேனாவைத் திறந்து கொடுத்தாள். "பெரியப்பா, இனி எங்க எழுதினாலும் எம் பேரு மாறாது. பாக்கிறவங்க எல்லாரும் அது மாப்பிள்ளை வீட்டுப் பேருன்னுதான் நினைப்பாங்க. பொறந்த வீட்டுலயும் எனக்கு அதே பேருதான்னு நீங்கதான் எழுதி வைக்கணும்."

அண்ணன் சாமியாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து எழுதினார், கட்டத்துக்கு வெளியே போகிற மாதிரி.