சாயப்பட்டறைக்காரரின் கார்

எங்கள் தோட்டத்தில் அறுபத்திரண்டு தென்னைகள் இருந்தன. மேற்கே சாயப்பட்டறை வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி, நாற்பத்தொன்று பட்டுப்போயின. மிச்சம் இருபத்தொன்று. இன்றும் காலையில் எண்ணுகிறேன். குறையவில்லை, காய்ப்பதும் இல்லை.

பட்டறைக்காரரோடு நான் பேசுவதில்லை. அதோடு நின்றிருக்கலாம். அவருக்கு முடிவெட்டுபவரிடம் நான் தலையைக் கொடுப்பதில்லை. அவர் குத்துவிளக்கேற்றித் திறந்துவைத்த மளிகைக் கடையைத் தாண்டி, அரை கிலோமீட்டர் நடந்து போய்ப் புளி வாங்குகிறேன். தெருவுக்கு ஒரு மழைநீர்த் தொட்டி கட்டலாம் என்று கூட்டத்தில் அவர் சொன்னார். மூன்று வருடமாக என் மனதிலும் இருந்த யோசனைதான். அவர் வாயிலிருந்து வந்ததும் வேண்டாம் என்று கை தூக்கினேன். வேண்டாம் என்றவர்கள் ஏழு பேர், வேண்டும் என்றவர்கள் ஆறு. தொட்டி வரவில்லை.

பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் செக்கிங் இன்சார்ஜாக இருந்தவன் நான். ஒரு கட்டு பனியனிலிருந்து பத்து பீஸ் உருவிப் பார்ப்போம். இரண்டில் எண்ணெய்க் கறை இருந்தால் கட்டு முழுவதும் திரும்பிப் போகும். ஒரே மெஷினில் தைத்தது, மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்பது கணக்கு. துணிக்கு அது சரி. ரிட்டயர் ஆன பிறகு மனிதர்களையும் அப்படியே கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மனைவி போன பிறகு எனக்கு இருந்த ஒரே துணை, அதே கம்பெனியில் டெய்லராக இருந்தவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவிநாசிபாளையம் பேக்கரியில் தினமும் ஐந்தேகாலுக்குச் சந்திப்போம். இருவருக்கும் சர்க்கரை இருந்ததால் ஒரு டீயை இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றச் சொல்வோம். பேச்சு அவருடையது, குறை சொல்வது என்னுடையது.

ஒரு மழை நாளில் அவர் பேக்கரி வாசலில் பட்டறைக்காரரின் காரிலிருந்து இறங்கினார். அதுவும் முன்சீட்டிலிருந்து. இறங்கியவர் குனிந்து ஏதோ சொல்ல, உள்ளே இருந்தவர் சிரித்தார். நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"சார், டீ சொல்லலியா?"

"வேலை இருக்குதுங்க, அண்ணாச்சி."

இருபத்துமூன்று நாள் பேக்கரிப் பக்கம் போகவில்லை. அவர் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். இரண்டு முறை உள்ளேயே இருந்துகொண்டேன். மூன்றாம் முறை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன குத்தம் செஞ்சேன்னு சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பும்."

"அந்தக் கார்ல ஏறுனீங்களே."

"மழைக்கு ஏறச் சொன்னாரு, ஏறுனேன். உம்ம கெணத்துல நானாய்யா சாயத்த ஊத்துனேன்?"

"சிரிச்சுப் பேசிட்டு வந்தீங்களே."

"உம்மள மாதிரி உம்முன்னு வரணுமாக்கும். சரி, நம்ம கம்பெனித் துணி எங்க சாயத்துக்குப் போச்சு? அவரு பட்டறைக்குத்தான. நல்லா ஏறியிருக்குன்னு பாஸ் சீல் குத்துனது யாரு? ஒருநா கார்ல ஏறுனவன் கெட்டவன்னா, இருபத்தாறு வருசம் சீல் குத்துனவர என்ன செய்ய?"

சீல் குத்தியது நான்தான். "மழை வர்றாப்பல இருக்குதுங்க, கிளம்புங்க" என்றேன். வானம் வெறிச்சென்று இருந்தது.

அவர் அப்படிக் கேட்டுவிட்டுப் போன ஐந்தாம் நாள்தான் பேக்கரிக்குப் போனேன். பெஞ்ச் காலியாக இருந்தது.

"அவரு மக ஊட்டுக்கே போயிட்டாருங்க சாமி" என்றார் பேக்கரிக்காரர். "இனி அங்கதான்னு சொன்னாருங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"போன் நம்பர் இருக்குதுங்களா?"

"எங்கிட்ட இல்லீங்க. பட்டறைக்காரருகிட்ட இருக்குமுங்க. அவருதான் பெட்டியெல்லாம் கார்ல போட்டுக் கொண்டுபோயி பஸ் ஏத்தி உட்டாரு."

தினமும் பார்க்கிறவர் என்பதால் நான் நம்பர் வாங்கியதே இல்லை. ஒரு டீ சொன்னேன். பாதி குடித்ததும் பழக்கத்தில் கிளாஸை வைத்துவிட்டேன். டீ நல்லா இல்லீங்களா என்று கேட்டார்.

இந்த வாரம் இரண்டு தடவை பட்டறைக்காரர் வீட்டுப் பக்கம் நடந்தேன். முதல் தடவை அறுநூற்றுப் பத்தாவது அடியில் திரும்பிவிட்டேன். நேற்று கேட் வரை போனேன், மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது அடி. பெல்லில் விரல் வைக்கும்போது பின்னால் டவுன் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் தெரிந்த முகம் மூன்று. இந்த வாசலில் என்னைப் பார்க்கிறவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். விரலை எடுத்துக்கொண்டு, வழி தப்பி வந்தவன்போல நடந்துவிட்டேன்.

நாளைக்கு மறுபடி போக வேண்டும். டவுன் பஸ் ஐந்து நாற்பதுக்கு. அதற்கு முன்னால் போய்விட வேண்டும்.