எங்கள் ஊர் கீப்பர்

என் தம்பி ஃபாஜில் ஆசைப்பட்டு கோல்கீப்பர் ஆனவன் இல்லை. அவனுக்கு ஓட வராது. சின்ன வயதில் தெருப் பையன்கள் கட்சி பிரித்தபோது எந்தக் கட்சியும் அவனைக் கேட்கவில்லை. போனால் போகிறதென்று இரண்டு செங்கலுக்கு நடுவே நிறுத்தினார்கள். நின்றவன் அங்கேயே நின்றுவிட்டான்.

பட்டுக்கோட்டையிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் எங்கள் ஊர். பெரிய தெருக்களில் வளைகுடாப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகள். எங்கள் தைக்கால் தெருவில் ஓலையும் தகரமும்தான். வாப்பா தேங்காய் உரித்தார். இளைப்பு நோயில் அவர் மௌத்தான பிறகு ஃபாஜில் உரித்தான். மண்ணில் நட்ட இரும்புக் கம்பியில் காயைக் குத்தித் திருகி மட்டையைக் கழற்றுகிற வேலை. படிப்பு பத்தாவதோடு சரி. அந்த வேலை அவனுக்குக் கொடுத்தது மணிக்கட்டு பலம் ஒன்றைத்தான். அவன் கையில் விழுந்த பந்து பிறகு எங்கும் போகாது.

கஜா புயலில் தோப்பெல்லாம் படுத்துவிட்டது. உரிக்கக் காய் இல்லை. இளவட்டங்கள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து பொழுதைக் கழித்தார்கள். சிலர் போதை மாத்திரை போடவும் ஆரம்பித்தார்கள். அப்போதுதான் லியாகத் அலி காக்கா கால்பந்து கிளப் தொடங்கினார். சவுதியில் லாரி ஓட்டிவிட்டு வந்து மளிகைக் கடை வைத்திருந்தவர். விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்திய ஒரு தோப்பைக் கேட்டு வாங்கி, பையன்களையே மண்வெட்டி பிடிக்க வைத்து மைதானமாக்கினார்.

வெறும் விளையாட்டுக்காக அவர் இதைச் செய்யவில்லை. எங்கள் ஊர்க்காரர் சைபுல்லா ஹாஜியாருக்கு தோஹாவில் சூப்பர் மார்க்கெட்டுகள் இருக்கின்றன. அங்கே கம்பெனிகளுக்குள் வெள்ளிக்கிழமைதோறும் பந்து ஆட்டம் நடக்கும். ஹாஜியாருக்கு அதில் ஜெயிப்பதென்றால் பைத்தியம். கோடையில் எங்கள் ஊரில் நடக்கும் போட்டியின் கடைசி ஆட்டத்துக்கு வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிளப்பிலிருந்து சிலரைப் பொறுக்குவார். விசா, தங்க இடம், குடோனில் வேலை. வெள்ளிக்கிழமை ஆட்டம், மற்ற நாள் மூட்டை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். எங்கள் தெருவில் முதலில் காங்கிரீட் கூரை போட்டது அப்படிப் போன ஒரு பையன் வீட்டில்தான். அதனால் காக்காவைக் கண்டால் எங்கள் தெருப் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்று பேசுவார்கள். நானும்தான்.

கீப்பருக்கு மட்டும் அங்கே இடம் காலியாகவில்லை. அதனால் எங்கள் கோலில் நிற்பது யாரென்று ஹாஜியார் கவனித்ததும் இல்லை. காலியாகும் என்று ஃபாஜில் காத்திருந்தான். ஒரு வருடம் ஹாஜியாரே காக்காவுக்குப் போனில் சொன்னார், அவருடைய கீப்பர் கல்யாணத்துக்கு ஊர் திரும்புகிறான், புது ஆள் வேண்டுமென்று. உம்மா அன்றைக்கே பெட்டி எங்கே நல்லதாகக் கிடைக்குமென்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் ஹாஜியார் இன்னொன்றும் சொல்லியிருந்தார்.

"வருஷா வருஷம் கடைசி ஆட்டத்துல தோக்குறீங்க. தோக்குற டீம்லேர்ந்து ஆள் எடுத்து நான் என்ன பண்றது, லியாகத்து?"

அந்த ஒரு பேச்சில் காக்காவுக்குப் புத்தி புரண்டுவிட்டது.

கடைசி ஆட்டத்தன்று மத்தியானம் ஃபாஜில் தன் கீப்பர் சட்டையோடு என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கிளப்புக்குச் சட்டை தைப்பது நான்தான்.

"ராத்தா, இதைக் கொஞ்சம் இறக்கித் தா. கையும் நீளம் வேணும்."

"நேத்துதானே போட்டுப் பாத்தே? விடியறதுக்குள்ள வளந்துட்டியா?"

அவன் சிரிக்கவில்லை. "எனக்கில்ல. காரைக்கால்லேர்ந்து ஒருத்தரு வந்திருக்காரு. இன்னைக்கு அவருதான் நிக்கிறாரு."

எனக்கு வாய் நீளம். ஊருக்கே தெரியும். "கூலிக்கு ஆள் புடிச்சாந்தாங்களா? இது புள்ளைவளுக்கு வேலை வாங்கித் தர்ற கிளப்பா, கப்பு வாங்கி அலமாரியில அடுக்குற கிளப்பா? எங்கே அந்த லியாகத் காக்கா, கூட்டிட்டு வா."

"முந்தாநாள் ஆட்டத்துல நான் காலுக்கு நடுவுல ஒண்ணு விட்டேன்ல. காக்கா பயந்துட்டாரு. ஜெயிச்சாத்தான் இர்பானையாவது எடுப்பாங்க ராத்தா. எனக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னாரு."

"அடுத்த வருஷம் அந்த இடம் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"தச்சுத் தா. நேரமாவுது."

இர்பான் அடுத்த வீட்டுப் பையன். இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். நான் அடியிலும் கையிலும் ஒட்டுத்துணி கொடுத்துத் தைத்தேன். வேண்டுமென்றே கோணலாகத் தைத்துவிடலாமா என்று தோன்றியது. கை வரவில்லை. மடித்துக் கொடுத்தபோது தையலைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனான்.

பெண்கள் நாங்கள் மைதானத்தை ஒட்டிய வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்தோம். ஃபாஜில் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டில்களோடு உட்கார்ந்திருந்தான். கூலிக்கு வந்தவன் என்று தெரிந்தால் கேவலம் என்று மைக்கில் "நமது ஊர் கீப்பர்" என்றே அறிவித்தார்கள். காரைக்கால்காரன் நன்றாகத்தான் ஆடினான், பொய் சொல்ல மாட்டேன். இர்பான் போட்ட ஒரே கோலில் கப்பு எங்களுக்கு வந்தது.

ஹாஜியார் மைக்கை வாங்கினார். இர்பான் பெயரைச் சொன்னார். இன்னொரு பையன் பெயரைச் சொன்னார். "அப்புறம் நம்ம ஊர் கீப்பர். அவர் பேரு எனக்குத் தெரியல, ஆனா ஆட்டம் தெரியுது" என்றார். கூட்டம் கைதட்டியது.

பரிசு கொடுக்கும் நேரத்தில்தான் மாடியேறி வந்த உம்மாவிடம் ஆள் மாறியதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் இரண்டு கையையும் ஏந்தி, "அல்ஹம்துலில்லாஹ், எம் புள்ளைக்கு வழி பொறந்துருச்சு" என்று அழுதார். ஊர் கீப்பர் என்றால் அவருக்குத் தெரிந்து ஒருவன்தானே. பக்கத்தில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "உம்மா, அவனைச் சொல்லல" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஏந்திய கையை எப்படி இறக்குவதென்று தெரியாமல் அவர் நின்றதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

காக்கா மேடையில் வாயைத் திறக்கவில்லை. காரைக்கால்காரன் தன் மனைவி வழிச் சொந்தம், இங்கேயே வந்து தங்கிவிட்டான் என்று பிறகு ஹாஜியாரிடம் சொல்லிச் சமாளித்ததாகக் கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலையில் நான் ஹாஜியார் வீட்டுக்கே போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நியாயஸ்தர். ஆள் விட்டு காக்காவையும் ஃபாஜிலையும் கூப்பிட்டார். இர்பானும் கூடவே வந்து வாசலில் நின்றான்.

"தம்பி, ஒளிக்காமச் சொல்லு. இந்த ஊர் கீப்பர் நீயா, அவரா?"

ஃபாஜில் காக்காவைப் பார்த்தான். காக்கா தரையைப் பார்த்தார். பிறகு இவன் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னான்: "அவருதாங்க. நான் மாத்து ஆளு. ராத்தா பாசத்துல ஏதோ சொல்லிட்டாங்க."

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "பாசம் இருக்கட்டும்மா, ஷமீரா. அதுக்காகப் பொய் சொல்லக் கூடாது."

பொய் சொன்னவன் அவன், பொய்க்காரி ஆனவள் நான். வீடு வரும்வரை அவனை ஏசிக்கொண்டே வந்தேன். அவன் ஒரே ஒரு தடவைதான் பதில் பேசினான்.

"நீ சொன்னதுக்கு நான் ஆமான்னா கப்பு போச்சு. இர்பான் விசா போச்சு. ஏமாத்துற தெருன்னு பேரு வந்தா அடுத்த வருஷம் ஹாஜியார் இந்தப் பக்கம் வருவாரா?"

தெருவில் சிலர் இதைத் தியாகம் என்கிறார்கள். எனக்கு இன்றுவரை மடத்தனமாகத்தான் தெரிகிறது. காரைக்கால்காரன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனும் வயிற்றுக்காக ஆடியவன், நீட்டிய விசாவை யார் வேண்டாமென்பார்கள். காக்கா மேல்தான் ஆறவில்லை. அவர் இப்போது எங்கள் தெரு வழியாக வருவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். அந்த இடம் மறுபடி காலியாகவே இல்லை.

புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. ஃபாஜில் பழையபடி தேங்காய்க் கொட்டகையில் உரிக்கிறான். சாயங்காலமானால் மைதானத்துக்குப் போய்விடுவான். பெரிய வீட்டுப் பையன்கள் அடித்துப் பழக ஒரு ஆள் வேண்டுமே. வயதும் ஏறிவிட்டது. பெட்டியைப் பற்றி உம்மா அப்புறம் வாய் திறக்கவில்லை.

இர்பான் நன்றி மறக்காதவன். தோஹாவிலிருந்து வெள்ளிக்கிழமை ஆட்டத்தை வீடியோ எடுத்து அனுப்புவான். போன வாரம் அப்படி ஒன்று வந்தது. இடது பக்கம் தாழ்வாக வந்த பந்தைக் காரைக்கால்காரன் விட்டுவிட்டான். ஃபாஜில் கதவோரம் உட்கார்ந்து அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். நான் மிஷினை நிறுத்தினேன்.

"இதை நான் புடிச்சிருப்பேன், ராத்தா."

இத்தனை வருடத்தில் அவன் தனக்காகச் சொன்னது அது ஒன்றுதான். திட்டுவதற்கு என்னிடம் எப்போதும் வார்த்தை இருக்கும்.

"புடிச்சிருப்பேடா" என்றேன்.

கொட்டகைக்கு லோடு வந்திருப்பதாகத் தெருவில் யாரோ கூப்பிட்டார்கள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு உரிக்கப் போனான்.