எல்லம்மாவும் காற்றின் முள்ளும்

ஆம்பூரில் வாஹித் பாஷாவின் தோல் ஷாப்பில் பதனிட்ட தோல்களைக் காயப்போடுவது எல்லம்மாவின் வேலை. காய்கிற தோலில் நாலு மழைத்துளி விழுந்தால் போதும், கறை போகாது. அதனால் வேலைக்கு நடுவே வானத்தையும் பார்த்துக்கொள்வாள்.

1926இல் பாஷா மதராஸ் ஏலத்தில் வட்டமான பித்தளைக் கருவி ஒன்றை வாங்கிவந்தார். காற்றின் அழுத்தத்தை ஒரு முள் காட்டும். சுற்றிலும் மழை, தெளிவு என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். ஆம்பூர் வந்ததும் முள் மழைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. வெயில் கொளுத்தினாலும் மழை என்றே சொன்னது. "பேஜார் புடிச்ச சாமான்" என்று பாஷா அதைக் கொட்டகைத் தூணில் மாட்டிவிட்டார்.

எல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முள் மயிரிழை ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் கவனித்து, கண்ணாடிமேல் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாள். முதல் வாரம் சாயந்தரம் முள் இறங்கியதும் பதறிப்போய் எல்லாத் தோலையும் உள்ளே இழுத்துப் போட்டாள். ஒரு துளி விழவில்லை. கூட இருந்த பெண்கள் சிரித்துத் தீர்த்தார்கள். தினமும் காலை பத்து மணிவாக்கில் முள் ஏறும், நாலு மணிக்கு இறங்கும் என்பது பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது.

ஐப்பசியில் ஒரு நாள். வானம் பளிச்சென்று இருந்தது. காலை பத்து மணிக்கு ஏறவேண்டிய முள், முந்தின நாள் சாயந்தரப் பொட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. எல்லம்மா பாஷாவிடம் ஓடினாள்.

"பாய், தோலெல்லாம் உள்ள எடுத்துடலாம்."

"இன்னா எல்லம்மா, வெயிலப் பாரு! ஈரத்தோட அடுக்குனா பூஞ்சை புடிக்கும். நீ பதில் சொல்லுவியா?"

"சொல்றேன் பாய்."

பாஷா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, முதல் தோலைத் தாமே தூக்கினார்.

மூன்று மணிக்குக் காற்று கிளம்பியது. நாலு மணிக்குப் பெய்யத் தொடங்கிய மழை இரண்டு நாள் விடவில்லை. அவர்கள் தோல் ஒன்றுகூட நனையவில்லை.

ரயில்வே தந்தி குமாஸ்தா சுப்பராயன் கருவியைப் பார்க்க வந்தார். "கடல்ல சூடான காத்து லேசாகி மேல போயிடும். அங்க அழுத்தம் கம்மியானதும் சுத்தி இருக்கற காத்து பாய்ஞ்சு வரும். அதான் புயல். அது கிட்ட வந்தா முள்ளு இறங்கும். இந்த முள்ளு பொய் சொல்லல. கடலோர ஊருக்குச் செஞ்சது. நம்ம ஊரு ஆயிரம் அடி உசரம். நம்ம தலைமேல இருக்கற காத்து கொஞ்சம் கம்மி, அதான் எப்பவும் மழைப் பக்கமே நிக்குது."

"காத்துக்குக் கனம் இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா. எல்லாரும் சுமந்துகிட்டுத்தான் இருக்கறோம்."

"அதான் சாயந்தரமானா தோளு இந்த வலி வலிக்குது!" என்று அவள் சொல்ல, பாஷா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அதன்பின் கல்யாண வீட்டுக்காரர்களும் பந்தல் போடுமுன் அவளிடம் கேட்க வந்தார்கள். இரண்டு முறை தப்பாகச் சொன்னாள். அப்போதும் கோபப்படாமல், நனைந்த விருந்தாளிகளோடு அவளையும் உட்காரவைத்துப் பிரியாணி போட்டார்கள்.