சிவப்பு சாக்ஸ்

டயர் கடை நடத்தும் அந்த அம்மாவை ஊரே இன்றைக்கும் முட்டி என்றுதான் கூப்பிடுகிறது. பெயர் சும்மா வரவில்லை. பள்ளி நாட்களில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று, வாரம் தவறாமல் முட்டியைப் பெயர்த்துக்கொள்வாள். வாயும் லேசுப்பட்டதில்லை.

பெண்கள் கால்பந்து அணியின் வெள்ளைச் சட்டைகளைத் துவைக்க, வாரம் ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார்கள். முட்டியின் தோழி நெட்டையின் வீட்டுக்கு மட்டும் அந்தப் பை போனதே இல்லை. கடல் தாண்டி வந்து கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் குடும்பம்; வேறு நிறம், வேறு முகம். அவள் போடும் கோல் மட்டும் எல்லோருக்கும் இனித்தது.

“அவங்க வீட்டுத் தண்ணி எப்படியோ, சோப்பு எப்படியோ” என்று ஒருநாள் இழுத்தாள் கேப்டன், ரொட்டிக்கடைக்காரர் மகள்.

நெட்டை காதில் விழாததுபோல் ஷூ கயிற்றைக் கட்டினாள். வீட்டுக்குத் திரும்பும்போது முட்டியிடம், “இனிமே நான் விளையாட வரலடி” என்றாள்.

நெட்டை இல்லாத மைதானம் முட்டிக்கு எதற்கு? தன் முறை வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே நெட்டை வீட்டுக்குப் போனாள். “இதத் தொவச்சிட்டு, அப்புறம் வேணா டீம விட்டு நின்னுக்கோ” என்றாள்.

நெட்டையின் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பையை வாங்கினார். மெஷினில் சோப்பைக்கூட அளந்து போட்டார். மூடப்போகும் நேரத்தில் முட்டி தன் அழுக்கு சாக்ஸையும் கழற்றி உள்ளே எறிந்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்ட சிவப்பு சாக்ஸ். வெளியே வந்த அத்தனை சட்டையும் ரோஸ் நிறம்.

“முதல் தடவையா வந்த பை” என்றார் அம்மா. ஒரு சட்டையை எடுத்து மறுபடியும் சோப்புப் போட்டுக் கசக்கினார்.

மைதானத்தில் பையைப் பிரித்த கேப்டன், “நான் அப்பவே சொன்னேன்ல? அந்த வீட்டுக்குப் போனா இப்படித்தான்” என்றாள். பையைத் தூக்கிவந்த நெட்டை திரும்பி நடந்தாள்.

“நில்லுடி” என்ற முட்டி, சாக்ஸை எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்தாள். “இது என்னுது. போட்டது என் கை. இப்ப எங்க வீட்டுத் தண்ணியக் குறை சொல்லு பாப்போம். சொல்ல மாட்ட. ஏன்னு உனக்கே தெரியும்.”

கேப்டனின் முகம் சட்டையின் நிறத்துக்கு வந்தது. குனிந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை நெட்டையிடம் நீட்டினாள்.

ஜெயித்தார்களா என்றால், இல்லை. நெட்டை ஒரு கோல் போட்டாள். முட்டி இரண்டு கோலைக் கோட்டைவிட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் சட்டைகளைப் பையில் திணித்து, நெட்டையின் முன்னால் வந்து நின்றாள்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இந்த வாரம் உங்க வீட்டு முறை” என்றாள். “முட்டிய மட்டும் உள்ள விட்டுடாத.”

“அது நடக்காது” என்றாள் நெட்டை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.