தயாரித்தவர்: மோகன்குமார்

பாகலூர் மாதேஸ்வரி பழிவாங்கியது முழுக்க முழுக்க விதிமுறைப்படி நடந்தது. கோபத்தில் செய்த காரியம்தான். ஆனால் அதில் கோபத்தின் அடையாளம் ஒன்றுகூடக் கிடையாது.

2003-இல் டிப்ளமோ முடித்த கையோடு மூக்கண்டப்பள்ளியில் ஷாஃப்ட் என்னும் இரும்புத் தண்டு கடையும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். பதவி, டேட்டா என்ட்ரி. வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், ஷிஃப்டில் தமிழ், தாளில் இங்கிலீஷ் என்று பழகியவளுக்கு அங்கே நாலு வாடிக்கையாளர்கள் வாய்த்தார்கள். கடைவது, கழுவுவது, அளப்பது எல்லாம் நாலு பேருக்கும் அநேகமாக ஒன்றுதான். செய்முறைத் தாள் மட்டும் அவரவர் படிவத்தில் வேண்டும். ஒரே பிள்ளைக்கு நாலு ஜாதகம் எழுதுகிற வேலை.

அதுவரை ஒருவர் தாளைக் காப்பியடித்துப் பெயரை மாற்றி அடுத்தவருக்கு அனுப்புவார்கள். ஓரிடத்தில் திருத்தினால் மூன்று இடத்தில் மறக்கும். மாதேஸ்வரி இரண்டு வருஷம் மெஷின் மெஷினாக நின்று கேட்டு, எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துண்டாக எழுதினாள். ஒரு துண்டு கம்ப்யூட்டரில் ஒரே ஒரு இடத்தில் இருக்கும். நாலு பேர் தாளும் அதை எடுத்துக்கொள்ளும். துண்டைத் திருத்தினால் எல்லாத் தாளும் திருந்தும். மூன்று வார வேலை இரண்டு நாளில் முடிந்தது.

குவாலிட்டி மேனேஜர் மோகன்குமார் இதைப் பெங்களூர் கூட்டத்தில் தன் யோசனையாகச் சொல்லிக் கேடயம் வாங்கிவந்தார். "டைப் அடிக்க ஒரு பொண்ணு இருக்குது" என்று அங்கே சொன்னதை டிரைவர் திம்மராயன் நல்ல சேதியாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

"உன்னப் பத்தியும் ரெண்டு வார்த்த சொன்னாரும்மா."

அந்த வாரமே இன்ஜினியர் பதவி கேட்டு அவள் எழுதிய மனு திரும்பி வந்தது. தாளில் எங்கேயாவது உன் பெயர் இருக்கிறதா என்று கேட்டார் மோகன்குமார். 'தயாரித்தவர்' கட்டம் அதுவரை காலியாகத்தான் கிடந்தது. புதிதாக வந்த ஒரு வாடிக்கையாளருடைய தாளில், அந்தக் கட்டத்தில் மோகன்குமார் தன் பெயரைப் போடச் சொன்னார்.

மாதேஸ்வரி தாராளமாகவே போட்டாள். ஒரு தாளில் அல்ல, பொதுத் துண்டில். தொண்ணூற்றாறு தாளிலும் மோகன்குமார் தயாரித்தவர் ஆனார். அச்செடுத்து வைத்தாள். அவர் மகிழ்ச்சியாக, படிக்காமல், எல்லாவற்றிலும் கையெழுத்திட்டார்.

2006 மார்ச்சில் தரச் சோதனைக்கு ஆடிட்டர் வந்தார். ஆடிட்டர்களுக்கு ஒரு பழக்கம்: தாளில் யார் பெயரோ, கேள்வி அவருக்கு.

மற்றவர்களுக்குக் கழுவியதும் அளக்கிறீர்கள். இந்த ஒருவருக்கு மட்டும் நாற்பது நிமிஷம் கழித்து அளக்கிறீர்களே, ஏன் என்றார்.

"காயறதுக்குங்க" என்றார் மோகன்குமார்.

"மத்தவங்களுக்குக் காய வேண்டாமா?"

வெந்நீர்த் தொட்டியிலிருந்து வரும் ஷாஃப்ட் சூட்டில் மயிரிழை பருத்திருக்கும், ஆறினால்தான் சரியான அளவுக்கு வரும். இந்த ஒருவருடைய அளவுதான் அந்த மயிரிழையையும் பொறுக்காது. தொட்டியடியில் நிற்கும் கங்கப்பனுக்குத் தெரியும். ஃபைலோடு நின்ற மாதேஸ்வரிக்கும் தெரியும். மோகன்குமார் அவளைப் பார்த்தார்.

"நான் டைப் மட்டுந்தான் அடிச்சேங்க சார். எழுதுனவரு சாரு."

அடுத்தடுத்து ஆறு கேள்வி. ஆறுக்கும் அதே பார்வை, அதே பதில். தயாரித்தவருக்கே தாளில் உள்ளது தெரியவில்லை என்று ஆடிட்டர் பெரிய குறையாக எழுதினார். சரிசெய்ய முப்பது நாள்.

முதலாளியம்மா ராஜலட்சுமி அவளைக் கூப்பிட்டு, தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டார். இன்ஜினியர் பதவி இருந்தால் திறந்திருப்பேன் என்றாள். ராஜலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை, பதவி வந்தது. மாதேஸ்வரி ஒரு துண்டில் தன் பெயருக்கு மாற்றினாள், தொண்ணூற்றாறும் மாறின.

பழைய தாள்கள் மிச்சம். தயாரித்தவரே தன் கையால் 'ரத்து' முத்திரை அடிக்க வேண்டும் என்பது விதி. மாதேஸ்வரி தாள்கட்டைக் கொண்டுபோய் மோகன்குமார் மேஜைமேல் வைத்து, ஸ்டாம்ப் பேடைத் திறந்துகொடுத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தன் பெயர்மேலேயே அவர் அடிக்கத் தொடங்கினார்.

முப்பதாவது தாளிலேயே அவளுக்குச் சலித்துவிட்டது. எதிர்பார்த்த இனிப்பு அவ்வளவுதான் போலிருக்கிறது. அவருக்கும் கை ஓய்ந்தது.

"மிச்சத்த நாளைக்கி அடிக்கட்டாம்மா?"

மாதேஸ்வரி கணக்குப் பார்த்தாள், இன்னும் அறுபத்தாறு.

"இன்னிக்கே முடிச்சிடுங்க சார்" என்று அடுத்த தாளை நகர்த்தினாள்.