பேண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போன சம்மதம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஃபைபர் கேபிள் பதிக்க ரோட்டோரம் நெடுகப் பள்ளம் தோண்டிய வருஷம், என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் வாக்கப்பட்டது ராஜபாளையத்தில். கணவர் நூல் மில்லில் சூப்பர்வைசர். தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள்.

அப்பா வீட்டில் போன் கிடையாது. எதிரே இருந்த மருந்துக் கடைக்குக் கூப்பிட்டால் தங்கையை அழைத்துத் தருவார்கள். ஆனால் பேசுவதற்குள் தொண்டை வற்றிவிடும். நான் இங்கே கத்துவது பக்கத்து வீட்டுக்குத் தெளிவாகக் கேட்கும். தங்கைக்கு மட்டும் கேட்காது.

சங்கரன்கோவிலிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், முடிவை எங்கள் வீட்டுப் போனுக்குச் சொல்வதாக ஏற்பாடு. தங்கைக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. காபி தம்ளரை அவரிடம் கொடுத்துவிட்டு வெறும் தட்டோடு வாசல்வரை நடந்துபோனாள், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து, எங்கள் தெருமுனையில் ஃபைபருக்குத் தோண்டிய கடப்பாரை பழைய செம்புக் கேபிளை அறுத்துவிட்டது. லைன்மேன் வந்து பள்ளத்துக்குள் உட்கார்ந்து கம்பிகளை ஒட்டுப்போட்டார்.

"புதுசு வருதுல்ல, இனிமே பழசு எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஃபைபர் எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்சுதான்க்கா. அங்கேருந்து ஒங்க வீட்டுக்கு வாரது அதே செம்புக் கம்பிதான்" என்றார்.

சாயங்காலமே போனுக்கு உயிர் வந்தது. மறுநாள் காலை மணி அடித்ததும் ஓடிப்போய் எடுத்தேன்.

"சேத்தூர்லேருந்து பேசுதேன். கோயில் கொடை விழாவுக்கு எத்தனை ஆளு வருவிய? டிரம்பட் உண்டுமா?"

ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். செட்டியார்பட்டியிலிருந்து ஒரு கல்யாண வீடு, சோழபுரத்திலிருந்து ஒரு காதுகுத்து வீடு என்று அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. சங்கரன்கோவில் மட்டும் வரவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. என் கணவரோ நாலாவது அழைப்புக்குப் பிறகு, "மாப்பிள்ளை ஊர்வலத்துக்கா? மெதுவான பாட்டா, குத்துப் பாட்டா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில், பகல் வேளையில், வாசலில் சிவப்புக் கோட்டும் தங்க ஜரிகையுமாக ஒருவர் வந்து நின்றார். பின்னால் அதே உடுப்பில் எட்டுப் பேர், டிரம்மும் டிரம்பட்டுமாக. அடுத்த தெரு பேண்டு மாஸ்டர். ஊர்வலம் ஒன்றுக்குக் கிளம்பியவர், வழியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

"சூப்பர்வைசர் வீடுதானம்மா? ஒங்க போனெல்லாம் என் வீட்டுக்கு வருது. ஒட்டுப்போட்டவரு கம்பிய மாத்திக் குடுத்துட்டாரு போல. செத்த முன்னாடி சங்கரன்கோவில்லேருந்து ஒரு அம்மா பேசுனாவ."

"என்ன சொன்னாவ?" என்று படியிறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

"எடுத்ததும் 'எங்களுக்குப் பூரண சம்மதம்'னாவ. நான் புக்கிங்னு நெனச்சு, தேதி என்னன்னு கேட்டேன். ஆவணின்னாவ. நிச்சயத்துக்கு எம்புட்டுப் பேரு வருவியன்னாவ. டிரம்மோட சேத்து ஒம்பது பேருன்னேன். 'சூப்பர்வைசர் வீடுதான? பொண்ணு வீட்டுல டிரம்மு எதுக்கு?'ன்னாவ பாருங்க, அங்கதாம்மா வெளங்குச்சு!"

நான் போட்ட கூச்சலில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார். "ஏமைந்தி? ஏமைந்தி?" என்றார். என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் என்னோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

மருந்துக் கடைக்கு நம்பரைச் சுற்றினேன். தங்கை வந்து போனை வாங்கியதும் வழக்கம்போல் உயிர்போகக் கத்தினேன்.

"ஏட்டி, அவியளுக்குச் சம்மதமாம்!"

"ஏங்க்கா கத்துத? பக்கத்துல நின்னு பேசுத மாதிரி கேக்குதே!"

புது கேபிளில் லைன் விட்டிருந்தார்கள். எங்களுக்குத்தான் தெரியவில்லை. அவள் மூச்சு வாங்குவதும், மருந்துக் கடைக்காரர் யாருக்கோ மாத்திரை எடுத்துத் தருவதும்கூடக் கேட்டன.

"நெசமாவாக்கா?" என்றாள். குரல் நடுங்கியது. அந்த நடுக்கமும் சிந்தாமல் வந்து சேர்ந்தது.

"நெசந்தாம்ட்டி!" என்றேன். முன்னறைக்குள் வந்து நின்ற பேண்டு மாஸ்டர் என்னிடமிருந்து ரிசீவரை வாங்கித் தன் ஆள் ஒருவர் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு டிரம்பட்டை உதட்டில் வைத்தார். கல்யாணப் பாட்டு ஒன்று எங்கள் முன்னறையில் கிளம்பியது. டிரம்காரருக்கும் சும்மா இருக்க முடியவில்லை. அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் சலசலத்தன. தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் ரிசீவரைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் தங்கை விக்கி விக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் நின்றவர்கள் கைதட்டுவதும் கேட்டது.

எவ்வளவு தெளிவாகக் கேட்டு என்ன, எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. வீட்டைப் பக்கத்து வீட்டம்மா பொறுப்பில் விட்டுவிட்டு, கட்டியிருந்த சேலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர், "எங்கே?" என்று கேட்டபோது, "தங்கச்சிக்குக் கல்யாணம்" என்றேன்.

"சரிக்கா, டிக்கெட் எந்த ஊருக்கு?" என்றார்.