மீன் விளையாட்டுக்குச் சிவப்பு ரப்பர்

டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை. பள்ளி விடுமுறை. அத்தா என்று நான் கூப்பிடும் அப்பா வழக்கம்போல் விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்து வந்து கடையின் இரும்புக் கதவைத் தூக்கினார், அடுப்பை மூட்டினார், பருப்பைப் போட்டார். அம்மா வெங்காயம் உரித்தார். பதினொரு வயதான நான் பொட்டலத் தாள்களை விளிம்பு பிசகாமல் அடுக்கிவிட்டு, ரப்பர் வளையங்களை நிறம் பிரித்து இரண்டு டின்களில் போட்டேன். அம்மாவின் தம்பியான என் மாமா, வேலையெல்லாம் முடிந்த பிறகு தலை வாரிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதுவும் வழக்கம்தான்.

எங்களுடையது ஜார்ஜ்டவுனில் ஒரு சந்து முனையில் இருந்த, சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடை. பொட்டலத்தில் மஞ்சள் ரப்பர் கட்டியிருந்தால் காரம் குறைவு. குழந்தைகளுக்கும் வயிறு சரியில்லாதவர்களுக்கும் உரியது. சிவப்பு ரப்பர் என்றால் குழம்பும் காரமும் தூக்கல். மஞ்சளைக் கையில் வாங்க ஆண்கள் கூசுவார்கள். "மஞ்சளா? நான் என்ன ஆஸ்பத்திரிக்கா கொண்டு போறேன்? சிவப்பு கட்டுங்கலா பாய்" என்று ஒருவர் தினமும் சொல்வார். தினமும் சிரிப்போம்.

மாமா கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, மேற்பார்வையாளரோடு சண்டை போட்டு விலகி வந்தவர். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மூலையில், அம்மாவின் சிபாரிசில், வீடியோ விளையாட்டு சிடிகளை வாடகைக்கு விடும் அலமாரி ஒன்றை வைத்திருந்தார். போட்டுப் பார்க்க ஒரு பழைய தொலைக்காட்சியும் விளையாட்டுப் பெட்டியும் உண்டு. "ஒரு புகார் வந்தாலும் நீ பிறைக்கே திரும்பிப் போயிடணும் மாப்ள" என்று அத்தா முதலிலேயே சொல்லியிருந்தார்.

அந்தப் புகார் நவம்பரில் வந்தது. எதிர் மாடியில் குடியிருந்த அக்கா, பிறையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். அவருடைய ஒரே மகன் என் வகுப்பு. தான் இல்லாத நேரத்தில் பையன் தெருவில் சுற்றாமல் இருக்கட்டும் என்று, தவணையில் விளையாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் சீக்கிரம் வீடு திரும்பியவர், மகன் ஒரு கையால் சோறு தின்றபடி மறு கையால் திரையில் ஒருவன் தலையை வெட்டுவதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, விளையாட்டே வேணாம்னு சொல்லல. பையன் வீட்டுல இருக்கான், அது எனக்கு நிம்மதி. ஆனா எது வெட்டுக்குத்து, எது பந்து விளையாட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மேல இருக்கறது ஜப்பான் எழுத்துலா" என்றார்.

அத்தா மாமாவைப் பிறைக்கு அனுப்பாமல், இரண்டு டின்களையும் அவர் முன்னால் வைத்தார். வெட்டுக்குத்து இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் மஞ்சள்.

"சிவப்பு கட்டினா பிச்சுக்கிட்டுப் போகும் மச்சான்."

"ரோட்டுல விளக்கு பாத்திருக்கியா? சிவப்புன்னா நில்லுன்னு அர்த்தம்" என்றார் அத்தா. தினமும் வரிசையில் நின்று சிவப்பு கேட்டவர்களை அவர் அந்த நேரம் மறந்துபோனார்.

அந்த வாரமே மஞ்சள் சிடிகள்மேல் தூசி படிந்தது. பையன்கள் சிடியைத் திருப்பிக் கொடுப்பார்கள். சிவப்பு ரப்பரைக் கொடுக்க மாட்டார்கள். மணிக்கட்டில் வளையலாகப் போட்டுக்கொண்டு திரிவார்கள். பெண்பிள்ளைகளில் நான் ஒருத்திதான் போட்டிருந்தேன். அதில் எனக்குக் கர்வம். அந்த அக்காவுக்கோ மனம் அடங்கியது. கம்பெனி பஸ் ஏறும் முன் மகன் எடுத்து வந்த சிடியின் ரப்பரைப் பார்ப்பார். மஞ்சளாக இருந்தால் போதும், நிம்மதியாகப் போய்விடுவார். அவர் மகன் அம்மாவுக்குப் பயந்தவன். மஞ்சளைத் தவிர வேறு எடுக்காததால் சந்து முழுக்க அவனுக்கு மஞ்சள் என்றே பெயராகிவிட்டது.

அந்த டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அத்தா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா வந்தார். வேலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. பின்னால் மகன், கெண்டைக்காலில் சிவந்த வரிகளோடு. சிடியையும் அதில் கட்டியிருந்த சிவப்பு ரப்பரையும் கல்லா மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, இது என்ன விளையாட்டுன்னு சொல்லுங்க."

அத்தா ரப்பரைப் பார்த்தார். "வெட்டுக்குத்து."

"மீனுலா அண்ணே! மீன் பிடிக்கறது! ரப்பரப் பாத்ததும் ரோத்தான் பிரம்ப எடுத்துட்டேன். இவன் மீனு மீனுன்னு கத்தறான். பொய் வேற சொல்றியான்னு இன்னும் ரெண்டு போட்டேன். அப்புறம் அழுதுக்கிட்டே போட்டுக் காட்டறான். ஒரு குளம். அதுல ஒரு தக்கை மிதக்குது. வேற ஒண்ணுமே இல்ல."

அத்தா மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பாவமா இருந்துச்சு மச்சான்" என்றார் மாமா. "எல்லாரும் மஞ்சள் மஞ்சள்னு கேலி பண்றானுங்க. சரி, கையில சிவப்பு இருக்கட்டும், உள்ள மீனு இருக்கட்டும்னு நான்தான் கட்டிக் குடுத்தேன்."

"அப்போ மஞ்சளுக்குள்ளயும் வெட்டுக்குத்து ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் அத்தா.

மாமா தலையைச் சொறிந்தார். "ஒண்ணு ரெண்டு. மனுசன ஒண்ணும் செய்யல. பேயத்தான் சுடறான். பேய் இதுல சேருமா மச்சான்?"

"பேயும் ஒரு காலத்துல மனுசன்தான்லா" என்றார் மூலை மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க கை கட்டினதுன்னு நம்பினேன் அண்ணே. அலமாரிய எடுங்கன்னு சொல்ல வரல. நாளைக்குக் காலையில நான் வேலைக்குப் போயே ஆகணும். எதை நம்பி விட்டுட்டுப் போறது, அத மட்டும் சொல்லுங்க."

அத்தா பையனுக்குப் பிடித்த கோழித் துண்டை வைத்து ஒரு பொட்டலம் மடித்தார். ரப்பர் எடுக்கப் போன கை டின்களுக்கு மேலேயே நின்றுவிட்டது. கடைசியில் எதையும் கட்டாமல், தாளின் நுனியை உள்ளே செருகிக் கொடுத்தார்.

அன்று மாமா எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. அம்மாவும் அவரைக் கூப்பிடவில்லை. பிறைக்கு அனுப்பிவிட்டால் மாமா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர முடியும் என்று நினைத்து, அவருடைய தட்டை எடுத்து என் பக்கத்தில் வைத்தேன்.

வன்முறை விளையாட்டுகளில் எச்சரிக்கை அடையாளம் போடுவதை அரசாங்கம் கட்டாயமாக்க வேண்டுமா என்று நான் வளர்ந்துவிட்ட இப்போது ஊரில் பேசும்போது, ஒரு தரப்பு பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா என்கிறது. மறு தரப்பு அடையாளமே விளம்பரமாகிவிடும் என்கிறது. எனக்கு இரண்டுமே கேட்ட குரலாக இருக்கிறது. ஒன்று அத்தாவுடையது, மற்றது மாமாவுடையது. இரண்டும் சரிதான். அடையாளம் வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் கல்லா மேசைமேல் கிடந்த அந்த ரப்பருக்குப் பொறுப்பேற்றவர் உள்ளே இருப்பதைத் தானே பார்த்தாரா என்ற கேள்வியை இரு தரப்பிலும் அதிகம் பேர் கேட்பதில்லை. நிறத்துக்கு அர்த்தம் சொன்னவர் அத்தா, பார்த்துக் கட்டியவர் மாமா, நம்பியவர் எதிர் மாடி அக்கா, அடி வாங்கியவன் பையன்.

மறுநாள், புதன்கிழமை. மாமா முதல் முறையாக எங்களுக்கு முன்பே வந்து கடை வாசலில் துணிமணி அடைத்த பையோடு நின்றார். அத்தா அந்தப் பையைப் பார்த்தார். கதவைத் தூக்கினார். அடுப்புப் பக்கம் போகவில்லை. நேராக மூலைக்குப் போய், தொலைக்காட்சி முன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பைய வச்சுட்டு முதல் சிடியப் போடு மாப்ள. ரப்பரெல்லாம் அவுத்துடு" என்றார். பிறகு விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடியை நீட்டி என்னைக் கூப்பிட்டார். "இத எப்படிம்மா பிடிக்கறது?"

நான் அவர் விரல்களைப் பொத்தான்கள்மேல் வைத்துக் கொடுத்தேன். ஆட்டம் தொடங்கியதும் திரையில் செத்துப்போனார். மறுபடி செத்தார்.

"இவன் யாரு? இவன நான் ஏன் அடிக்கணும்?"

"அடிக்கலன்னா அவன் அடிப்பான் அத்தா."

"அடிச்சுட்டுப் போறான். அப்புறம் என்ன வருதுன்னு நான் பாக்கணும்" என்றார்.

வெளியே சிவப்பு ரப்பர்க்காரர் குரல் கொடுத்தார்: "என்ன பாய், இன்னைக்குச் சோறு இல்லையா?" அத்தா திரும்பவில்லை. அடுத்த சிடியைக் காட்டி மாமாவிடம் கை நீட்டினார்.

அத்தாவுக்கும் விளையாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இனி தினமும் காலையில் சேர்ந்து விளையாடலாம் என்று திட்டமே போட்டுவிட்டேன். எதிர் மாடி அக்கா சீருடையில் நடைபாதையில் வந்து நின்றது அப்போதுதான். குளிர்ந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார். திரைக்கு வெகு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு பேயிடம் அடிபட்டு விழுந்துகொண்டிருந்த அத்தாவைப் பார்த்தார். அவிழ்த்துக் குவித்திருந்த ரப்பர்களையும் பார்த்தார். கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் நிம்மதியாக ஏறிப் போய்விட்டார்.

சோறு வாங்காமல் ஏன் போகிறார் என்று மட்டும் நான் நினைத்தேன்.